நற்கருணையும் நீதியும்: திஸ்ஸ பாலசூரிய அடிகளாரை வாசிக்கும் முறை

அமலமரித் தியாகிகள் சபைக் குருவான திஸ்ஸ பாலசூரிய அடிகளார் (1924–2013), அக்குவைனாஸ் பல்கலைக் கல்லூரியின் அதிபர் பொறுப்பிலிருந்து விலகி, 1971இல் கொழும்பில் சமூகத்துக்கும் சமயத்துக்குமான நிலையத்தை நிறுவி, ஏழைகளின் பக்கம் நின்றவர் என்பதில் அறிஞரிடையே பிணக்கில்லை; அவரை எந்த நூலிலிருந்து வாசிக்கத் தொடங்குவது என்பதிலேயே பிணக்கு உண்டு.

1990இல் வெளிவந்த 'மரியாவும் மானிட விடுதலையும்' என்ற நூலும், அதன் பொருட்டு 1997 ஜனவரியில் ரோமாபுரி விதித்து ஓராண்டின் பின் நீக்கிய சபைவிலக்கும், அதாவது திருவருட்சாதனங்களில் பங்குபெறுவதைத் தடுக்கும் தண்டனையும், அவர் வாழ்வின் மையம் என இறையியலாளர் பலர் கொள்கின்றனர். ஒரு வழக்கின் கோப்பையே மனிதராகக் கொள்ளும் இவ்வாசிப்பை இச்சொற்பொழிவு ஏற்கவில்லை. 1977இல் வெளியான 'நற்கருணையும் மானிட விடுதலையும்' என்ற நூலே அடித்தளம் என்பது இதன் துணிபு.

நற்கருணை என்பது இயேசு சீடரோடு உண்ட இறுதி இராவுணவை நினைந்து அப்பமும் திராட்சை இரசமும் பகிரப்படும் வழிபாடாகும். நூற்றாண்டுகளாக ஞாயிறுதோறும் இப்பகிர்வை நிகழ்த்திய நாடுகளே பிறர் நிலத்தையும் உழைப்பையும் கவர்ந்தது எவ்வாறு என்று வினவிய அடிகளார், பொருளியல் பயின்றவராதலின், விடையைத் தனிமனிதரின் ஒழுக்கக் குறைவோடு நிறுத்திவிடாமல், வழிபாடு சடங்காகவும் தனிப்பட்ட பக்தியாகவும் சுருங்கி ஆள்வோரின் ஒழுங்குக்கு உடந்தையான வரலாற்றில் தேடினார். கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய முதல் மடலின் 11ஆம் அதிகாரம், வறியவர் பசித்திருக்க வசதியுள்ளோர் முந்தி உண்ணும் கூட்டத்தைக் கடிந்து, அதற்கு ஆண்டவரின் விருந்து என்ற பெயரையே மறுப்பதை நோக்கினால், அடிகளாரின் வினா மார்க்சியத்திடம் கடன் வாங்கியது என்ற குற்றச்சாட்டு நிலைக்காது. இவ்வளவுகோலை இலங்கைக்குப் பொருத்தினால் அதன் கூர்மை விளங்கும்: 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்க, 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, எஞ்சிய 150,000 பேரைப் பின்னர் தீர்ப்பதற்கென ஒதுக்கியது. அவர்களுள் கிறிஸ்தவராயிருந்தோர் ஏனைய இலங்கைக் கிறிஸ்தவரோடு ஒரே அப்பத்தில் பங்குகொண்டனர். ஒரே குடியுரிமையில் பங்குகொள்ள முடியவில்லை. ஒரு பந்தியை அறிந்தேற்ற சமூகம் இத்தகைய பங்கீட்டை எவ்வாறு பொறுத்தது என்பது, 1977ஆம் ஆண்டு நூல் இந்நாட்டுத் திருச்சபையிடம் விட்டுச் சென்ற வினாவாகும்.

1984இல் வெளியான 'உலகளாவிய இறையியல்' இதே வினாவை நிலப் பங்கீட்டுக்கு விரித்து, ஐரோப்பியர் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் குடியேறி எல்லைகளை வகுத்தபின் நெருக்கடி மிகுந்த ஆசியாவுக்கு எஞ்சியது என்ன என்று கேட்கிறது. மரியாவை உழைக்கும் ஏழைத் தாயாகக் காணும் பிந்திய நூல் இவ்வழியில் வந்ததேயன்றி, தனித்து முளைத்ததன்று.

நேரம் கருதிச் சில பணிகளை மட்டும் சுட்டலாம். கண்டியில் 1972இல் 'சத்தியோதய' நிலையத்தைத் தொடங்கிய போல் கஸ்பர்ஸ் அடிகளாரோடும், அக்குவைனாஸை நிறுவிய பீற்றர் பிள்ளை அடிகளாரோடும் ஒப்பீடு தேவை. சமூகத்துக்கும் சமயத்துக்குமான நிலையத்தின் 'லோகோஸ்', 'குவெஸ்ட்' வெளியீடுகளை ஆண்டு வரிசையில் ஆராய வேண்டும். 1977ஆம் ஆண்டு நூலைத் தமிழ் வாசகருக்கு விளக்கும் உரை ஒன்று எழுதப்பட வேண்டும். கொட்டாஞ்சேனைப் பங்குகளில் துறைமுகத் தொழிலாளர் வழிபாட்டில் பெற்ற இடமும் ஆய்வுக்குரியது.