தமிழ் வராத கணினியா, தகவல் போகாத செயலியா?

(திண்டுக்கல்லில் கணினிப் பாடம் நடத்தும் ஆசிரியர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



லினக்ஸ் உள்ள கணினி அறைகளில் அடிக்கடி கேட்கும் புகார் ஒன்று உண்டு. தமிழ்99 விசைப்பலகை நன்கு பழகிய பிள்ளை உரைத் தொகுப்பானில் தமிழில் அடிக்கிறது. எழுத்து சரியாக வருகிறது. அதே விசைகளை வேறொரு செயலியில் அழுத்தினால் ஆங்கில எழுத்துதான் விழுகிறது. "சார், இதுல தமிழ் வராது" என்று பிள்ளை முடிவு கட்டிவிடுகிறது. நாமும் வேலை நடக்கட்டும் என்று "சரி, இங்கிலீஷ்லயே அடி" என்று சொல்லிவிட்டு நகர்கிறோம்.

கணினிக்குத் தமிழ் தெரியாமல் இல்லை. அந்தச் செயலிக்குத் தகவல் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். அந்தத் தகவலைக் கொண்டு சேர்ப்பவை சூழல் மாறிகள். 1979இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலிருந்தே இவை புழக்கத்தில் உள்ளன. ஒவ்வொன்றும் ஒரு பெயர், ஒரு மதிப்பு. 'லாங்' என்ற மாறி எந்த மொழி என்று சொல்லும். 'பாத்' என்ற மாறி கட்டளைகளை எந்தெந்த அடைவுகளில் தேட வேண்டும் என்று சொல்லும்.

இவை எப்படிப் பரவுகின்றன என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்க நம் பள்ளியே போதும். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் தலைமையாசிரியர் அறிவித்தால் செய்தி எல்லா வகுப்புக்கும் போகும். எட்டாம் வகுப்பு 'பி' பிரிவில் மட்டும் ஓர் ஆசிரியர் சொன்னால் அந்த அறையோடு நின்றுவிடும். லினக்ஸிலும் அப்படியே. ஒரு நிரல் இன்னொரு நிரலைத் தொடங்கும்போது, தன்னிடம் உள்ள சூழல் மாறிகளின் நகலைக் கொடுத்து அனுப்புகிறது. தாயிடமிருந்து சேய்க்குப் போகும். சேயிடமிருந்து தாய்க்குத் திரும்பாது. முனையத்தில் 'எக்ஸ்போர்ட்' கட்டளை கொடுத்து அமைத்தது, அந்த முனையத்திலிருந்து திறப்பவற்றுக்கு மட்டுமே தெரியும். பட்டியிலிருந்து சொடுக்கித் திறக்கும் செயலிகள் டெஸ்க்டாப் அமர்வின் பிள்ளைகள். அவற்றுக்குத் தெரிய வேண்டுமானால், அமர்வு தொடங்கும்போதே சொல்லியாக வேண்டும்.

எங்கே எழுதுவது? மூன்று இடங்களை நினைவில் வைத்தால் போதும்.

முதலாவது, 'இடிசி' அடைவில் உள்ள 'என்விரான்மென்ட்' கோப்பு. இது கணினியின் எல்லாப் பயனர்களுக்கும் பொது. நிர்வாகி உரிமை இருந்தால்தான் மாற்ற முடியும். பூட்டைப் பற்றித் திண்டுக்கல்லில் நான் விளக்க வேண்டியதில்லை. இதில் பெயர், சமக்குறி, மதிப்பு மட்டும் எழுத வேண்டும். டாலர் குறி போட்டு இன்னொரு மாறியின் மதிப்பை இதில் எடுத்தாள முடியாது.

இரண்டாவது, பயனரின் இல்ல அடைவில் புள்ளியோடு தொடங்கும் 'ப்ரொஃபைல்' கோப்பு. இது அந்த ஒரு பயனருக்கு மட்டும். இங்கே 'எக்ஸ்போர்ட்' சேர்த்து எழுத வேண்டும்.

மூன்றாவது, 'பேஷ்ஆர்சி' கோப்பு. பலரும் இதில்தான் எழுதுகிறார்கள். ஆனால் இது முனையத்துக்கானது. இதில் எழுதியது, பட்டியிலிருந்து திறக்கும் செயலிக்குப் போகாது.

இப்போது நம் புகாருக்கு வருவோம். லினக்ஸ் செயலிகளில் சில 'ஜிடிகே' என்ற கருவித்தொகுப்பில் எழுதப்பட்டவை. சில 'க்யூடி'யில் எழுதப்பட்டவை. ஒன்றுக்குச் சொன்னது மற்றதற்குத் தெரியாது. ஆகவே ஐபஸ் மூலம் தமிழ் அடிப்பவர்கள் மூன்று வரிகள் எழுத வேண்டும். 'ஜிடிகே_ஐஎம்_மாட்யூல்', 'க்யூடி_ஐஎம்_மாட்யூல்' இரண்டுக்கும் மதிப்பு 'ஐபஸ்'. 'எக்ஸ்மாடிஃபயர்ஸ்' என்பதற்கு மதிப்பு '@ஐஎம்=ஐபஸ்'. மாறிகளின் பெயர்கள் ஆங்கிலப் பெரிய எழுத்தில், மதிப்புகள் சிறிய எழுத்தில். சமக்குறிக்கு இருபுறமும் இடைவெளி கூடாது. டெபியன், உபுண்டு வகைகளில் 'ஐஎம்-கான்ஃபிக்' என்ற கருவி இதையே நமக்காகச் செய்துவிடும். எழுதியபின் வெளியேறி மீண்டும் உள்நுழைய வேண்டும். ஏற்கெனவே வகுப்புக்குப் போய்விட்டவர்கள் புதிய அறிவிப்பைக் கேட்டிருக்க மாட்டார்கள் அல்லவா?

ஓர் எச்சரிக்கை. 'பாத்' மாறியில் புதிய அடைவைச் சேர்க்கும்போது பழைய மதிப்பையும் வைத்துக்கொள்ளுங்கள். அதை அழித்துவிட்டால் கட்டளைகள் கிடைக்காமல், உள்நுழைவுத் திரைக்கே திரும்பத் திரும்ப வந்து நிற்கக்கூடும். அப்போது கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுத்துத் திரை வரும். அங்கே உள்நுழைந்து அந்தக் கோப்பைத் திருத்திவிடலாம். கட்டளை கிடைக்கவில்லை என்றால் 'பின்' அடைவின் பெயரோடு முழுப் பாதையாக அடியுங்கள்.

வகுப்பில் செய்ய ஒரு சிறு சோதனை. ஒரு முனையத்தில் 'ஓஓஆர்' என்ற மாறிக்குத் 'திண்டுக்கல்' என்று மதிப்புக் கொடுத்து 'எக்ஸ்போர்ட்' செய்யச் சொல்லுங்கள். அதே முனையத்தில் 'பேஷ்' என்று அடித்துப் புதிய ஷெல் திறந்து, 'எக்கோ' கட்டளையால் கேட்டால் ஊர்ப் பெயர் வரும். தனியாகத் திறந்த இன்னொரு முனையத்தில் கேட்டால் வெற்று வரிதான் வரும். காரணத்தைப் பிள்ளைகளே சொல்லட்டும். பத்து நிமிடம் போதும்.

2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் விண்டோஸோடு சேர்ந்தே பிள்ளைகள் கைக்கு வந்தது. பதினொன்றாம் வகுப்புக் கணினிப் பாடத்திலும் லினக்ஸ் இடம் பெற்றது. தமிழ்99 விசைப்பலகைக்கும் ஒருங்குறிக்கும் அரசின் ஏற்பு உண்டு. இத்தனையும் இருந்தும், மூன்று வரி எழுதப்படாததால் ஒரு பிள்ளை தாய்மொழியில் எழுதுவதைக் கைவிட்டால் அது பெரிய இழப்பு. "வராது" என்று சொல்லும் பிள்ளையை, "இந்தச் செயலிக்கு யார் சொல்லியிருக்க வேண்டும், எங்கே சொல்லியிருக்க வேண்டும்?" என்று கேட்கப் பழக்குவோம். இந்த வாரமே உங்கள் அறையில் ஒரே ஒரு கணினியைச் சரிசெய்யுங்கள். மற்றவற்றைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.