கடலில் சாவது தலைவிதியா?

(பழவேற்காடு ஏரிக்கரையில் மீனவத் தோழர்கள் கூட்டிய கூட்டத்தில் நாம் பேசியதன் சாரம்)



கடலில் வழிகண்டு போவதையும், போனவர் உயிரோடு திரும்புவதையும் பற்றி இன்று பேசும்படி நம்மைக் கேட்டிருக்கிறீர்கள். கடலிலேயே பிழைக்கிற உங்களுக்குத் துடுப்புப் பிடிக்கச் சொல்லிக்கொடுக்க நாம் வரவில்லை. அந்த யோக்கியதை நமக்குக் கிடையாது. கடலைத் தாண்டினாலே சாதி போய்விடும் என்று சாஸ்திரம் எழுதி வைத்துக்கொண்டு, 1888ல் சீமைக்குப் படிக்கப்போன காந்தியாரைக்கூட அவர் சாதியார் தள்ளிவைத்த தேசம் இது. அந்தச் சாஸ்திரக்காரர்கள் கரையில் குந்தியிருந்த காலத்தில் கடலை அறிந்திருந்தவர்கள் உங்கள் பாட்டன்மார். ஆனால் அவர்கள் அறிந்ததெல்லாம் அவர்களோடேயே போய்விட்டது, காகிதத்துக்கு வரவில்லை. நாம் சொல்ல வந்த குறை இது ஒன்றுதான்.

உங்கள் முகத்துவாரத்தையே எடுத்துக்கொள்ளுவோம். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிற அந்த வாய் ஒரு வருஷம் இருந்த இடத்தில் மறுவருஷம் இருப்பதில்லை. ஏன்? தென்மேற்குக் காற்றுக் காலத்தில் அலை மணலைக் கரையோரமாக வடக்கே தள்ளுகிறது. வாடைக்காலத்தில் தெற்கே தள்ளுகிறது. மழைக்காலத்தில் ஆரணியாறும் காளங்கியும் சுவர்ணமுகியும் வெள்ளம் கொண்டு வந்தால், அந்த வேகத்தில் மணல் அறுத்துக்கொண்டு வாய் திறக்கிறது. கோடையில் ஏரித் தண்ணீர் குறைந்து ஏற்றவற்றமும் வலுவிழந்தால், மணல் ஜெயித்து வாய் தூர்ந்துவிடுகிறது. ஆழக்கடலில் சாதுவாக உருண்டு வருகிற அலை இந்த மேட்டின்மேல் ஏறும்போதுதான் உயர்ந்து, முன்பக்கம் செங்குத்தாகி, உடைந்து விழுகிறது. அந்த நேரத்தில் படகு குறுக்கே திரும்பியிருந்தால் கவிழும். பாரம் மிகுந்திருந்தால் தண்ணீர் ஏறி முழுகும். இதில் கடல்தாயின் கோபம் எங்கே இருக்கிறது? மணல் கணக்கும், தண்ணீர்க் கணக்கும், பாரக் கணக்கும்தானே இருக்கிறது!

25-12-2011ந் தேதி இந்த முகத்துவாரத்துக்கு அருகே என்ன நடந்தது என்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும். பண்டிகை நாளில் உல்லாசமாக வந்த ஒரு குடும்பத்தார் ஏறிய மீன்பிடிப் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டார்கள். படகில் ஏறின ஆட்களோ அளவுக்கு மேல்; உயிர்காப்புச் சட்டையோ இல்லை. இவ்வளவும் தெரிந்த பிறகும், “அன்றைக்கு அவர்களுக்கு எழுதியிருந்தது” என்று சொல்லுகிறவர்களைப் பார்த்து, அப்படி எழுதினவன் உயிர்காப்புச் சட்டை போட்டவனைக் கண்டால் மட்டும் ஏன் எழுத்தை மாற்றிக்கொள்ளுகிறான் என்று கேட்கிறோம்.

பெரிய கப்பல்காரர்கள் விதி என்று விட்டுவிடுகிறார்களா? 28-1-2017ல் விடியுமுன் எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே, வெளியேறுகிற பி.டபிள்யூ. மேப்பிள் என்ற கப்பலும் உள்ளே வருகிற டான் காஞ்சிபுரம் என்ற கப்பலும் மோதிக்கொண்டன. ராடார் முதலிய சகல கருவிகளும் உடைய கப்பல்கள்தான் அவை. கருவி இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. கப்பலில் ஓர் உயிரும் போகவில்லை. எண்ணெய் கொட்டிக் கரையெல்லாம் கறுத்தது. அதை மனிதர் வாளியால் அள்ளின வேடிக்கையையும் கண்டோம். இருந்தும் எந்தக் கப்பல் எந்த நேரத்தில் எந்தப் பக்கம் திரும்பிற்று என்று விசாரணை நடந்தது. ஒரு வல்லம் கவிழ்ந்து இரண்டு மீனவர் செத்தால் அவ்வளவு விசாரணை உண்டா? அழுகை உண்டு, கருமாதி உண்டு. அதற்கு மேல், வீட்டிலிருந்த பெண்ணின் ஒழுக்கத்தின்மேல் பழிபோடுகிற அநியாயமும் நம் கடற்கரைகளில் இருந்து வந்திருக்கிறது. இயந்திரம் நின்றுபோனதற்குப் பெண்டாட்டி என்ன செய்வாள்?

ஏரிக்கு அந்தப்புறம் ஸ்ரீஹரிகோட்டாவைப் பாருங்கள். ராக்கெட் விடுகிற நாளில் உங்களைக் கடலுக்குப் போகவேண்டாம் என்கிறார்கள். கடலிலும் தரையிலும் வழிகாட்டுவதற்கான முதல் இந்தியச் செயற்கைக்கோள் 1-7-2013ல் அங்கிருந்துதான் போயிற்று. ராக்கெட்டின் சிறு மாதிரியைத் திருப்பதியில் கொண்டுபோய் வைத்துப் பூசை செய்கிற வழக்கமும் அந்தப் பெரிய படிப்பாளிகளிடம் உண்டு. ஆனால் 29-1-2025ல் விட்ட என்.வி.எஸ்.-02 என்ற வழிகாட்டிக்கோள் தன் பாதைக்குப் போய்ச்சேராதபோது, பூசையில் என்ன குறை என்று பார்த்தார்களா? வால்வு திறக்கவில்லை என்று கண்டு, ஏன் திறக்கவில்லை என்றுதான் ஆராய்ந்தார்கள். அவர்கள் வால்வுக்குக் காட்டுகிற மரியாதையை நாம் நம் படகுக்குக் காட்டக்கூடாதா?

ஏடு எழுதினால் என்ன லாபம் என்று கேட்பீர்கள். அமெரிக்கக் கப்பற்படையில் மோரி என்று ஒருவர் இருந்தார். வண்டி விபத்தில் கால் கெட்டுப்போய்க் கப்பலில் போகமுடியாமல் கச்சேரி வேலையில் உட்கார்ந்தார். அங்கே மூலையில் பழைய கப்பல் குறிப்பேடுகள் குவிந்துகிடந்தன. இன்ன நாளில், இன்ன இடத்தில், இன்ன காற்று, இன்ன நீரோட்டம் என்று மாலுமிகள் எழுதிவைத்தவை அவை. அவற்றையெல்லாம் ஒன்றுகூட்டி 1847ல் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் படம் போட்டார். குறிப்பெழுதிக் கொண்டுவந்து கொடுக்கிற மாலுமிக்குப் படம் இனாம். நியூயார்க்கிலிருந்து சான்பிரான்சிஸ்கோ போகிற பாய்க்கப்பல் பிரயாணம் ஒரு மாதத்துக்கு மேல் குறைந்துபோயிற்று. (இந்த மோரி பிற்பாடு உள்நாட்டுச் சண்டையில் அடிமை முறைக்காரர் பக்கம் சேர்ந்தவர், அதற்காக அவரை நாம் மெச்சவில்லை. வேலையைத்தான் மெச்சுகிறோம்.) கப்பலுக்கு வழி வகுப்பது என்பது இன்றைக்கும் இதே காரியந்தான். நேர்கோடு எது என்று பார்ப்பதில்லை; ஆழம், காற்று, அலை, நீரோட்டம் பார்த்து, சுற்றினாலும் பத்திரமான வழி எது என்று புறப்படுமுன் தீர்மானிக்கிறார்கள்.

ஐதராபாத்தில் இன்காய்ஸ் என்கிற சர்க்கார் நிலையம் அலை உயரமும் காற்று வேகமும் முன்கூட்டியே கணித்துச் சொல்லுகிறது. ஆனால் சொல்லுவது வேறு, வந்து சேருவது வேறு. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் கிளம்பியபோது, குமரி மீனவர் பலர் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தார்கள். கைப்பேசி கரையிலிருந்து சில கல் தூரத்தோடு நின்றுபோகும். எச்சரிக்கை அவர்களுக்கு எட்டவில்லை; தமிழ்நாட்டிலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கான பேர் திரும்பவில்லை. அதற்குப் பிறகே செயற்கைக்கோள் வழியாக இருபுறமும் செய்தி போகவர ஒரு கருவி செய்து, 2024 ஆகஸ்டில் ஒரு லட்சம் படகுகளுக்குக் கொடுப்பதென்று தேசமெங்கும் தொடங்கினார்கள். உங்கள் படகுக்கு வராவிட்டால் மீன்வளத் துறைக் கச்சேரியில் போய்க் கேளுங்கள். அது பிச்சையல்ல. ஆபத்தில் கடலோரக் காவல்படையைக் கூப்பிட 1554 என்ற எண்ணைக் குழந்தைகளுக்கும் பாடமாக்குங்கள்.

ஆனால் முகத்துவாரத்தில் இன்று காலை ஆழம் எவ்வளவு என்பதை ஐதராபாத் சொல்லமுடியாது. அதை நீங்கள்தான் சொல்லவேண்டும். ஆகவே இறங்குதுறையில் ஒரு கரும்பலகையும் ஒரு நோட்டுப் புத்தகமும் வையுங்கள். முதலில் வாயைத் தாண்டித் திரும்புகிறவர், எந்தப் பக்கம் ஆழம், எத்தனை முழம், அலை எங்கே உடைகிறது, காற்று எப்படி என்று சொல்லட்டும். எழுதத் தெரியாவிட்டால் பள்ளிப் பிள்ளை எழுதட்டும். படகு கவிழ்ந்தால், எத்தனை பேர், என்ன பாரம், சட்டை போட்டிருந்தார்களா, இயந்திரம் நின்றதா என்பதை மறுநாளே எழுதவேண்டும். யார் போனார், யார் திரும்பவில்லை என்று கரையில் காத்திருந்து கணக்குப் பார்ப்பவர்கள் தாய்மார்களே. ஆதலால் நோட்டு அவர்கள் கையிலேயே இருக்கட்டும். முதல் பக்கத்தை நாளைக் காலை யார் எழுதுவது என்பதை இந்தக் கூட்டம் கலையுமுன் தீர்மானித்துவிடும்படி கேட்டுக்கொள்ளுகிறோம்.