கேட்டால்தான் கூலி!

நடுவர் அவர்களே! எதிரணி நண்பர்களே! திராட்சைத் தோட்டத்துக்கும் ஏலக்காட்டுக்கும் நடுவே உழைத்து வாழும் கம்பம் பெருமக்களே!

"உழைப்பவருக்கு உரிய கூலியைத் தருவது சட்டமா, ஒற்றுமையா?" இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய அம்மையார், "சட்டமே!" என்று மேசையைத் தட்டிச் சொன்னார். நான் சட்டத்துக்கு விரோதி இல்லீங்க. ஆனா ஏட்டுச் சுரைக்காயைக் கறிவைக்க யாராவது அடுப்புப் பத்த வைக்கணுமே! (கைதட்டல்)

சட்டம் என்ன சொல்லுது? 1948-இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. 2025 நவம்பர் 21 முதல் அந்த இடத்தில் ஊதியச் சட்டத் தொகுப்பு இருக்கிறது. அரசு நிர்ணயித்த கூலிக்குக் கீழே கொடுக்கக் கூடாது. ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்பதும் கூடாது. "குறைச்சுக் கொடுத்தாலும் எனக்குச் சம்மதம்" என்று நீங்களே கைநாட்டு வைத்தாலும் அந்தக் காகிதம் செல்லாது! 1982-இல் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பே என்றது.

எவ்வளவு அருமையான சட்டம்! ஆனால் விடியுமுன் ஜீப்பில் ஏறி, கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போகிற ஓர் அக்காவிடம் கேட்டேன்: "உங்களுக்குச் சட்டப்படி கூலி எவ்வளவும்மா?" அவர் சிரிச்சுட்டுச் சொன்னார்: "கங்காணி எழுதுறதுதான் சட்டம் ஐயா!"

நடுவர் அவர்களே, மலை ஏறி எல்லை தாண்டினால் கேரள அரசு நிர்ணயித்த கூலிதான் அவருக்கு உரியது. வீடு எந்த மாநிலம் என்பது கணக்கில்லை; வேலை எந்த மாநிலம் என்பதே கணக்கு. இதை அவருக்கு யார் சொல்வது? சட்டப்புத்தகம் ஜீப்பில் ஏறி வருமா?

2015 செப்டம்பரில் பக்கத்து மூணாறில் என்ன நடந்தது? தேயிலைக் கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்கள், 'பெண்கள் ஒற்றுமை' என்ற பெயரில் சாலையில் உட்கார்ந்தார்கள். 10 சதவீதமாகக் குறைக்கப்பட்ட போனஸ் 20 ஆனது. அடுத்த மாதமே 232 ரூபாய்க் கூலி 301 ஆக உயர முடிவானது. கேட்டது 500; கிடைத்தது அதற்குக் குறைவுதான். ஆனாலும் அந்த 69 ரூபாய் சும்மா வந்ததா? சட்டம் அதற்கு முன்னும் இருந்தது ஐயா! அன்றைக்குப் புதிதாக வந்தது ஒற்றுமை! (பலத்த கைதட்டல்)

தாய்மார்களே, ஒரு சின்ன நோட்டு வாங்குங்க. வேலை பார்த்த தேதி, நேரம், வாங்கிய கூலி, மூன்றையும் எழுதுங்க. எழுத வராவிட்டால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை எழுதச் சொல்லுங்க. குறைந்த கூலிக்கு மூன்று ஆண்டுக்குள் மனுப் போடலாம். உங்களுக்காகச் சங்கமும் போடலாம். "கூலியைக் கொடுத்துவிட்டேன்" என்று நிரூபிக்க வேண்டியவர் முதலாளி. பாக்கியோடு, அதைப்போல் பத்து மடங்கு வரை இழப்பீடும் கிடைக்க வழியுண்டு.

ஒருத்தர் கேட்டால், "நாளைக்கு ஜீப்பில் ஏறாதே" என்பார்கள். ஜீப்பில் இருக்கிற அத்தனை பேரும் கேட்டால்? ஜீப்பே ஓடாது! அழுத பிள்ளைக்குத்தான் பால். ஆகவே, எழுதிய சட்டத்தை எழுந்து நிற்க வைப்பது ஒற்றுமையே என்று தீர்ப்பளிக்க வேண்டி அமர்கிறேன்.