சீட்டு இலவசம், பஸ் வரணுமே!

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதிலிருந்து)



2021 மே 8-ஆம் தேதி முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்கள் காசில்லாமல் போக வழி வந்தது. நாகப்பட்டினம், மதுரை, திருப்பூர் மாவட்டங்களில் மாநிலத் திட்டக் குழு நடத்திய ஆய்வில், ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாவது தெரிந்தது. அந்தப் பணம் சேமிப்புக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் எவ்வளவு உதவும் என்று உங்களுக்கு நான் சொல்லணுமா?

ஆனா ஒன்றை யோசிக்கணும். சீட்டு நமக்குத்தான் இலவசம். டீசல், டயர், டிரைவர் கண்டக்டர் சம்பளம் எல்லாம் இலவசமா? நாம கொடுக்காத காசை அரசு மானியமாகப் போக்குவரத்துக் கழகத்துக்குக் கொடுக்கணும். நம்ம குழுவில் தவணை சரியா வராவிட்டால் அடுத்தவருக்குக் கடன் கொடுக்க முடியுமா? அங்கேயும் அதே கதைதான். பணம் குறைந்தால் பழுதான பஸ் டெப்போவிலேயே நிற்கும். ஓய்வு பெற்றவர் இடத்துக்குப் புது ஆள் வரமாட்டார். கடைசியில் நம்ம ஊர் ட்ரிப் நின்றுபோகும்.

2024 ஜனவரி 9-ல் போக்குவரத்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கழகங்களின் வரவுக்கும் செலவுக்கும் உள்ள வித்தியாசத்தை அரசு ஈடுகட்டணும் என்பதும் அவர்களுடைய ஒரு கோரிக்கை. அது நம்ம கோரிக்கையும்தான்.

பஸ் வராத நாளில் ஷேர் ஆட்டோவுக்குப் போக 20, வர 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 10 நாள் என்றால் 400 ரூபாய் போச்சு. பணம் மட்டுமா? சாயங்கால பஸ் நின்றால், "கம்ப்யூட்டர் கிளாஸ் வேண்டாம், வீட்டிலேயே இரு" என்று முதலில் பெண் பிள்ளையைத்தான் நிறுத்துவார்கள்.

நாம செய்ய வேண்டியவை:

1. கட்டணமில்லாச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். நாம ஏறியதற்கு அதுதான் கணக்கு.

2. எந்த பஸ், எந்த நேரம், எந்தெந்த நாள் வரவில்லை என்று ஒரு மாதம் குழு நோட்டில் எழுதுங்கள்.

3. அதை வைத்துத் தீர்மானம் போட்டு, டெப்போ கிளை மேலாளரிடம் ஒரு மனு, திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் ஒரு மனு கொடுங்கள். ரசீது வாங்க மறக்காதீங்க. கிராம சபையிலும் பேசுங்கள்.

"ஓசியில போறவங்களுக்கு என்ன பேச்சு?" என்று யாராவது கேட்டால் தலை குனியாதீங்க. சோப்பு முதல் செருப்பு வரை நாம வாங்கும் பொருளுக்கெல்லாம் வரி கட்டுகிறோம். பஸ்ஸுக்கு வரும் மானியத்தில் நம்ம காசும் இருக்கு. கேட்க நமக்கு உரிமையும் இருக்கு.