நல்ல அறிக்கை எது?

(கொட்டாம்பட்டியில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



சென்ற பெருமழைக்குப் பின் ஓர் ஊரிலிருந்து நமது சங்கத்திற்கு ஓர் அறிக்கை வந்தது. வீடுகள் பல விழுந்தன, ஏழைகள் மிகத் துன்புறுகின்றனர், ஆவன செய்ய வேண்டும் என்பதே அதன் சாரம். எத்தனை வீடுகள், எத்தெருவில், எழுதியவர் நேரிற் கண்டாரா, பிறர் சொல்லக் கேட்டாரா என்ற விவரம் ஒன்றும் இல்லை. அதனை நம்பி யாம் உதவிப் பணத்தைப் பங்கிட்டோம். ஊர்க்கோடியில் சுவரிடிந்த வீட்டிலிருந்த ஒரு கைம்பெண்ணுக்கு ஒரு காசும் சேரவில்லை. எழுதியவர் பொய் எழுதினார் அல்லர். அத்தெருவிற்கு அவர் செல்லவில்லை. செல்லவில்லை என்று தெரிவிக்கவும் இல்லை. அதனைக் கேளாமல் விட்ட குற்றம் எம்முடையது.

நிற்க. அறிக்கையின் இலக்கணத்தை அறிய நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. நமது மேலூர்ப் பக்கத்து மாங்குளம் மலைக்குகைகளில் பழைய கல்வெட்டுகள் உள்ளன. 1882இல் ராபர்ட் சிவெல் என்னும் ஆங்கிலேய அதிகாரி அவற்றைக் கண்டறிந்தார். அவை எம்மொழி என்பது நெடுநாள் துணியப்படவில்லை. 1924இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் இத்தகைய குகைக் கல்வெட்டுகளின் மொழி தமிழே என்று எடுத்துக் காட்டினார். 1960களில் ஐராவதம் மகாதேவன் மாங்குளத்தில் நெடுஞ்செழியன் என்னும் பாண்டியன் பெயரைப் படித்தார். அவரே பின்னாளில் மீண்டும் மலையேறி, எழுத்துகளைப் புதிதாகப் படியெடுத்து, தம் பழைய வாசிப்புகளைத் திருத்தி, 2003இல் பெருநூலாக வெளியிட்டார். அந்நூலில் கல்லிலுள்ள எழுத்து வேறாகவும், அதற்கு அவர் கொண்ட பொருள் வேறாகவும் நிற்கின்றன. ஆதலின் அவர் கருத்தை ஒப்பாதவரும் எழுத்தைப் பார்த்துத் தாமே ஆராயலாம்.

கல் அங்கேயே இருந்தது. ஐயம் வந்தபோது மீண்டும் சென்று பார்க்க முடிந்தது. இடிந்த சுவரோ அடுத்த மாதம் இராது. பின்வருவோர்க்கு நமது அறிக்கை ஒன்றே சாட்சி.

ஆகையால் அறிக்கை எழுதும் இளைஞர்களை யாம் வேண்டுவன இவை: இடமும் நாளும் எண்ணும் முதலில் வருக. கண்டதைக் கண்டதென்றும், கேட்டதைக் கேட்டதென்றும், கருதுவதைக் கருத்தென்றும் பிரித்து எழுதுக. பாராததைப் பார்க்கவில்லை என்று கூற நாணற்க. வேண்டும் உதவி இன்னதென்று முடிவிற் குறிப்பிடுக. நடையழகு குறைந்தால் ஒருவர்க்கும் நஷ்டமில்லை. ஒரு தெரு விடுபட்டால் ஒரு குடும்பம் பட்டினி கிடக்கும்.

இதனை மனத்திற் கொள்ளுமாறு வேண்டி அமர்கின்றோம்.