கம்புக்கும் பிஸ்கட்டுக்கும் ஒரே தராசா?



கம்பும் சோளமும் உண்டு, கவலை இறைத்து உரமேறியது கொங்கு உழவனின் உடல். 1888இல் கோவையில் முதல் நூற்பாலை எழுந்தது. பின்னர் பம்பு செட்டும் வந்தது. செல்வம் வளர்ந்தது, உடலுழைப்புக் குறைந்தது. செல்வம் குற்றமன்று, அதன் பின்னே வந்த நோயை நாம் காணாதிருப்பதே குற்றம்!

தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களுள் மிகை எடையினர் 2015-16இல் நூற்றுக்கு 31 பேர். 2019-21இல் 40 பேர். தேசியக் குடும்பநல ஆய்வு தரும் கணக்கு இது.

வரி தடுக்குமா என்று கேட்பீர்கள். மெக்சிகோ 2014இல் இனிப்புப் பானத்துக்கு வரியிட்டது, விற்பனை குறைந்தது. வாளையாற்றுக்கு அப்பால், கேரளம் 2016இல் பெரிய உணவகங்களின் பர்கர், பீட்சாவுக்கு 14.5 விழுக்காடு விதித்தது. 2017 ஜூலையில் சரக்கு-சேவை வரி வந்தது, அவ்வரி மறைந்தது.

2025 செப்டம்பர் 22இல் குளிர்பானத்துக்கு 40 விழுக்காடு என்றனர், நன்று. ஆனால் பிஸ்கட்டுக்கு 18, 5 ஆயிற்று. பெயர்ச்சீட்டு ஒட்டிய கம்பு மாவுப் பொட்டலத்துக்கும் அதே 5! பனியன் ஆலைத் தொழிலாளி பசிக்கு எதை வாங்குவான்? மலிவானதை, உடனே உண்ணத்தக்கதை!

இனிப்புக்கு வரி ஏற்றுவது பாதிப் பணி. கம்பை மலிவாக்குவது மறுபாதி. மாவுக்கு வரி நீங்கட்டும்! ஊர்தோறும் இதனை எடுத்துரைப்பீர்!