காட்டை வளர்க்கும் நிரல்

(உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளின் கணிதம், அறிவியல், கணினி ஆசிரியர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய நேரத்தை எனக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். ஆகவே கணக்கிலிருந்தே தொடங்கிவிடுகிறேன். தூக்கம் கொஞ்சம் கலையும்.

உங்கள் பள்ளியில் பசுமைப் படையோ, நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களோ 100 மரக்கன்றுகள் நட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். நட்ட எண்ணிக்கை பதிவேட்டில் இருக்கும். புகைப்படமும் இருக்கும். பத்து ஆண்டு கழித்து அவற்றில் எத்தனை நிற்கும்? இந்தக் கேள்விக்குப் பெரும்பாலான பதிவேடுகளில் பத்தி கிடையாது. 2022-ல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 சதவீதமாக உயர்த்துவதை இலக்காகக் கொண்டது. அந்த இலக்கைத் தீர்மானிக்கப் போவது எத்தனை கன்று நட்டோம் என்பதல்ல, எத்தனை நின்றது என்பதுதான். ஆனால் நம் பிள்ளைகளுக்கு நடுவதை மட்டுமே கணக்காகக் காட்டுகிறோம்.

மரம் எப்படிச் சாகிறது என்பதைக் கணக்காக எழுதிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஹப்பார்டு புரூக் என்ற ஆய்வுக்காடு உண்டு. அந்தக் காட்டை வைத்து டேனியல் போட்கின் என்ற சூழலியலாளரும், ஐபிஎம் நிறுவனத்தைச் சேர்ந்த ஜானக், வாலிஸ் என்ற இருவரும் ஒரு கணினி மாதிரியை உருவாக்கி 1972-ல் வெளியிட்டார்கள். மூவர் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து ஜபோவா என்று பெயர். பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர், அதாவது ஏறக்குறைய இரண்டு வகுப்பறை அளவு நிலம். அதிலுள்ள ஒவ்வொரு மரமும் ஒவ்வோர் ஆண்டும் எவ்வளவு தடிக்கிறது, புதிதாக எது முளைக்கிறது, எது சாகிறது என்று ஆண்டு ஆண்டாகக் கணக்கிட்டுக்கொண்டே போகும். அவ்வளவுதான் அதன் வேலை.

அதில் சாவுக்கு இரண்டு விதிகள். ஒன்று, மரத்தின் அதிகபட்ச ஆயுள் 200 ஆண்டு என்றால், எந்த ஓர் ஆண்டிலும் அது சாவதற்கான வாய்ப்பு 4-ஐ 200-ஆல் வகுத்தது, அதாவது 2 சதவீதம். ஏன் 4? ஏனென்றால் அப்படி வைத்தால் நூற்றில் சுமார் 2 மரங்கள்தான் முழு ஆயுளையும் காணும். 0.98-ஐ 200 முறை பெருக்கிப் பாருங்கள், 0.0176 வரும். பத்து ஆண்டில் 82 மரம் மிஞ்சும், ஐம்பது ஆண்டில் 36, நூறு ஆண்டில் 13.

இரண்டாவது விதி கடுமையானது. பெரிய மரங்களின் நிழலில் சிக்கி, ஆண்டு வளர்ச்சி ஒரு குறைந்தபட்ச அளவுக்கும் கீழே போய்விட்ட மரத்துக்கு, அந்த ஆண்டு சாவதற்கான வாய்ப்பு 0.368. பிழைக்கும் வாய்ப்பு 0.632. நூறு மரங்களோடு தொடங்கினால் அடுத்த ஆண்டு 63, பிறகு 40, 25, 16, 10 என்று இறங்கி, பத்தாம் ஆண்டு முடிவில் ஒன்றே ஒன்று நிற்கும். அந்த 0.368 எங்கிருந்து வந்தது? வளர்ச்சி நின்ற மரங்களில் நூற்றில் ஒன்றுதான் பத்து ஆண்டு தாங்கும் என்று ஆசிரியர்கள் முடிவு செய்து, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்ட எண் அது. காட்டுக்குள் போய் அளந்து எடுத்து வந்த எண் அல்ல, ஓர் அனுமானம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பவும் இங்கேதான் வரப்போகிறோம்.

கணித ஆசிரியர்களுக்கு இன்னொரு விருந்து இருக்கிறது. மரத்தின் விட்டம் தெரிந்தால் உயரத்தைக் கண்டுபிடிக்க ஜபோவா பயன்படுத்துவது பத்தாம் வகுப்பு இருபடிச் சார்பு. விட்டத்தை மார்பளவு உயரத்தில், அதாவது தரையிலிருந்து 137 செ.மீ. மேலே அளப்பது அங்கே வழக்கம். ஒரு மர இனத்தின் அதிகபட்ச விட்டம் 100 செ.மீ., அதிகபட்ச உயரம் 2137 செ.மீ. என்று எளிமைக்காக எடுத்துக்கொள்வோம். அப்போது சமன்பாடு: உயரம் = 137 + 40 × விட்டம் − 0.2 × விட்டத்தின் வர்க்கம். விட்டம் 50 என்று போட்டால் 1637 கிடைக்கும். பாதி தடிமனிலேயே மார்பளவுக்கு மேலுள்ள உயரத்தில் முக்கால் பங்கை மரம் எட்டிவிடுகிறது! முதலில் வெளிச்சத்தைப் பிடிக்க மேலே ஓடுகிறது, தடிப்பதெல்லாம் பிறகு. பரவளையத்தின் உச்சி எங்கே வரும் என்று கேளுங்கள், விட்டம் 100-ல். ‘இந்தப் பரவளையத்தால் என்ன சார் பயன்?’ என்று கேட்கும் பிள்ளைக்குச் சொல்ல இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரிந்து அதிகம் இல்லை.

ஜபோவாவுக்குப் பிறகு இந்தத் துறை வெகுவாக வளர்ந்துவிட்டது. 1990-களில் கனெக்டிகட் மாநிலக் காட்டில் ஒன்பது மர இனங்களைக் களத்திலேயே அளந்து, அனுமானங்களைக் குறைத்து எழுதப்பட்டது சார்ட்டி. அமெரிக்க வனத்துறை 1970-களிலிருந்து பயன்படுத்திவரும் எஃப்விஎஸ் என்ற மாதிரி உண்டு. ஆஸ்திரியாவில் உருவான ஐலேண்ட், மலைச்சரிவு முழுவதையும் மரம் மரமாகக் கணக்கிடுகிறது; சூறைக்காற்றும் பட்டைத்துளைப்பான் வண்டும்கூட அதில் வரும். இவற்றின் மூல நிரல் இன்று யாரும் பார்க்கத் திறந்து கிடக்கிறது. இத்தகைய மென்பொருளைத் திறமூல மென்பொருள் என்கிறோம். இலவசம் என்பது இதில் சின்ன விஷயம். இயக்கலாம், உள்ளே எழுதியிருப்பதைப் படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பிறருக்குக் கொடுக்கலாம் என்பதுதான் பெரிய விஷயம்.

ஏன் பெரிய விஷயம்? அதற்கு நாம் முதுமலைக்குப் போக வேண்டும்.

முதுமலைக் காட்டில் 50 ஹெக்டேர் பரப்பை அளந்து, இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர் ஆர். சுகுமார் தலைமையிலான குழு 1988-ல் ஒரு நிரந்தர ஆய்வுத்திடலை அமைத்தது. ஒரு சென்டிமீட்டருக்கு மேல் விட்டமுள்ள ஒவ்வொரு மரத்துக்கும் எண் கொடுத்து, எது வளர்ந்தது, எது செத்தது என்று தொடர்ந்து கணக்கெடுத்து வருகிறார்கள். முதல் கணக்கெடுப்பில் சுமார் 26,000 மரங்கள். 26,000 பேருக்கு வருகைப்பதிவு எடுப்பதை நினைத்துப் பாருங்கள். நமக்கு நாற்பது பேருக்கே நேரம் போதவில்லை.

அங்கே மரங்கள் எதனால் சாகின்றன? கோடைத்தீயால் சாகின்றன. வறட்சியால் சாகின்றன. யானையாலும் சாகின்றன. கிடியா கேலிசினா என்ற சிறுமரத்தை யானைகள் ஒடித்தும் பட்டை உரித்தும் தின்றதில், அந்தத் திடலில் அதன் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துபோனது.

ஜபோவாவில் யானை கிடையாது. நியூ ஹாம்ப்ஷயரில் யானை இல்லை, ஆகவே நிரலிலும் இல்லை. அதில் நிழல்தான் முக்கிய எதிரி. அதே நிரலில் தேக்கையும் வெண்தேக்கையும் கொடுத்தால் அது மறுக்காது. 200 ஆண்டுக்கு அழகான வரைபடம் ஒன்றைப் போட்டுக் கொடுத்துவிடும். பார்ப்பவர் நம்பிவிடுவார். நிரல் மூடியிருந்தால் அந்த வரைபடத்தில் யானை இல்லை, தீ இல்லை என்பதே வெளியில் தெரியாது. திறந்திருந்தால் சாவு விதி எழுதியிருக்கும் வரியைத் தேடிப் போகலாம். 0.368 எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். நம் காட்டுக்கு ஒரு மூன்றாம் விதியை எழுதலாம்.

நம் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பிள்ளைகள் பைத்தான் படிக்கிறார்கள். நான் சொன்ன இரண்டு சாவு விதிகளையும் ஒரு மடக்கு, ஒரு சமவாய்ப்பு எண், இரண்டு நிபந்தனைக் கூற்றுகளில் எழுதிவிடலாம். பதினைந்து வரிகூட ஆகாது. எழுதியபின் ஒரு தடவை ஓட்டி நிறுத்த விடாதீர்கள். இருபது தடவை ஓட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு தடவையும் விடை கொஞ்சம் மாறும். ‘எது சரியான விடை?’ என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்வி வரும்வரை காத்திருங்கள், முந்திக்கொண்டு பதில் சொல்லாதீர்கள்.

ஒன்பது, பத்தாம் வகுப்புக்கு நெட்லோகோ போதும். யூரி விலென்ஸ்கி என்ற பேராசிரியர் உருவாக்கிய திறமூல மென்பொருள், கல்விக்காகவே செய்தது. ஒருமுறை நிறுவிவிட்டால் இணையம் இல்லாமலும் ஓடும், உங்கள் ஆய்வகத்தின் இணைய வேகத்தை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். அதன் மாதிரி நூலகத்தில் காட்டுத்தீ என்று ஒன்று உண்டு. மர அடர்த்தியை நகர்த்தும் ஒரு பட்டை, இடது ஓரத்தில் தீ. 50 சதவீத அடர்த்தியில் தீ கொஞ்ச தூரம் போய் அணைந்துவிடும். 55-லும் அப்படித்தான். 59-ஐத் தாண்டிய பிறகு தீ மறுகரைக்கே போய்விடும். அடர்த்தி சிறிதே கூட, விளைவு அடியோடு மாறுகிறது. வனத்துறை ஏன் தீத்தடுப்புக் கோடு வெட்டுகிறது என்று இதைப் பார்த்த பிள்ளைக்கு விளக்கவே வேண்டாம். அதே திரையில் நிரலும் ஒரு சொடுக்கில் திறக்கும். காற்று வீசும் திசை அதில் இல்லை என்பதை உங்கள் வகுப்பில் ஒருவராவது கண்டுபிடிப்பார்.

கணினியே இல்லாத பள்ளிகளிலிருந்து வந்தவர்களும் இங்கே இருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் மேசைமேல் வரைபடத்தாளும் தாயக்கட்டைக்குப் பதிலாகப் பகடையும் வைத்திருக்கிறோம். பத்துக்குப் பத்துக் கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். இடப்பக்கக் குழுக்கள் ஒவ்வொரு கட்டத்துக்கும் பகடை உருட்டி 1, 2, 3 விழுந்தால் மரம் வரையுங்கள். வலப்பக்கக் குழுக்கள் 4 விழுந்தாலும் வரையுங்கள். வரைந்து முடித்ததும் இடது ஓரத்து மரங்களுக்குச் சிவப்புப் பென்சிலால் தீ வையுங்கள். மேல், கீழ், இடம், வலம் தொட்டிருக்கும் மரத்துக்கு மட்டும் தீ தாவும், மூலைவாட்டில் தாவாது. யாருடைய காடு மறுகரை வரை எரிந்தது என்று இருபது நிமிடத்தில் பலகையில் எழுதுவோம். மூலைவாட்டிலும் தாவினால் என்ன ஆகும் என்று கேட்பவர்கள், தாளின் பின்பக்கத்தில் அதையும் செய்து பாருங்கள்.